மூன்று விரற்கடை

ஜூன் 8, ஞாயிறு

பாப்பாவைக் கராத்தே வகுப்பில் விடப் போனேன். திரும்பி வரும்போது நானும் கராத்தே மாணவி. எப்படி நடந்தது என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

பாப்பாவின் பெயர் தமிழ்நிலா, பதினொரு வயது. நான்கு மாதமாக நச்சரிப்பு. சரி, தொலையட்டும் என்று போனேன். பைபாஸ் தாண்டி, சகாயராஜ் என்பவரின் பழைய உரக் குடோன். கடையை அவர் மூடிவிட்டார். மகள் அனிட்டா குடோனைக் கழுவி, பாய் விரித்து, டோஜோ என்று போர்டு மாட்டியிருக்கிறாள். கீழே சின்ன எழுத்தில் 'குடும்பங்களுக்கான மரபுக் கராத்தே'. அந்தச் சின்ன எழுத்தை நான் படிக்கவில்லை. ஊரார் பத்திரத்தில் சின்ன எழுத்தைத் தேடித் தேடிப் படிக்கிற வி.ஏ.ஓ. நான்!

ஓரமாக உட்கார நாற்காலி தேடினேன். ஒன்றுகூட இல்லை. அனிட்டா வந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். கறுப்பு பெல்ட்.

"இங்க வேடிக்கை பாக்க இடம் கிடையாதுங்கக்கா. புள்ளையக் கூட்டிட்டு வர்றவங்களும் பாய்ல நிக்கணும்."

"நான் சுடிதார்ல வந்திருக்கேன்."

"சுடிதார்ல காலைத் தூக்க முடியும்ல?"

பாப்பா என்னைப் பார்த்த பார்வையில் வேறு வழி இல்லை. அவள் அப்பா இளம்பரிதி லைன்மேன். ஞாயிற்றுக்கிழமையென்றால் எங்காவது கம்பத்தில்தான் இருப்பார். நின்றேன். அனிட்டா குத்தச் சொன்னாள், குத்தினேன். ஆழமாக மூச்சை இழுக்கச் சொன்னாள், இழுத்தேன். சுவரெல்லாம் யூரியா வாசம், தும்மல் வந்தது.

எல்லாம் செய்தேன், ஒன்றைத் தவிர. ஆரம்பத்தில் வரிசையாக நிறுத்தி "ரெய்" என்றாள். குனிந்து வணங்கு என்று அர்த்தமாம். முதலில் சுவரில் இருக்கும் தாடி வைத்த ஜப்பான்காரர் படத்துக்கு. அப்புறம் ஆசிரியைக்கு. அப்புறம் எதிரில் நிற்பவருக்கு. பதினான்கு முதுகு குனிந்தது. என் முதுகு மட்டும் நின்றது.

நான் யோசித்து நிற்கவில்லை. அது தானாக நின்றது.

ஜூன் 9

தொடை இரண்டும் இரும்பு. ஆபீஸ் படியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். எங்கள் கிராம உதவியாளர் காத்தான், "ஸ்கூட்டில விழுந்துட்டீங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடியும் போனேன். மறுபடியும் குனியவில்லை. வகுப்பு முடிந்ததும் அனிட்டா தனியாகக் கூப்பிட்டாள்.

"முதுகுல ஏதும் பிரச்சினையாக்கா?"

"முதுகு நல்லாருக்கு. அதனாலதான் குனியல."

அவளுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. அக்டோபரில் மஞ்சள் பெல்ட் தேர்வு, திருச்சியிலிருந்து மாஸ்டர் வருவார் என்றாள். குடும்ப வகுப்பில் பெற்றவரும் பிள்ளையும் ஜோடி, இரண்டு பேருக்கும் ஒரே முடிவு. தேறினால் இருவரும், போனால் இருவரும். வணக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு.

வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் பர்வின், தையல்கடைக்காரி. போன வாரம் நான் கவனிக்கவில்லை, அவளும் குனிவதில்லை, நெஞ்சில் கை வைத்துத் தலையை அசைக்கிறாள். "அல்லாவுக்கு மட்டுந்தாங்க்கா குனிவேன். மொத நாளே சொல்லிட்டேன், சென்செய் சரின்னுட்டாங்க" என்றாள். சென்செய் என்றால் ஆசிரியர். அவளுடைய காரணத்துக்குப் பெயர் இருக்கிறது, எல்லாரும் மதிக்கிறார்கள். மதிக்கட்டும், நல்லது. என் காரணத்துக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத காரணத்துக்கு ஊர் வைக்கிற பெயர் திமிர்.

வைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் உள்ளே கிடந்து அரிக்கும்.

எனக்கு அன்று பாப்பாவின் வயது. உதவித்தொகை ஃபாரத்தில் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து வேண்டும். தலைவர் என்றால் யார்? அப்பா வேலை பார்த்த பண்ணையின் ஆண்டைதான். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆண்டை படியில் நின்றார். அப்பா குனிந்தார். எவ்வளவு குனிந்தார் என்றால், பின்னால் நின்ற எனக்கு அவர் சட்டையின் முதுகில் தையல் விட்ட இடம் தெரிந்தது. அம்மா கறுப்புச் சட்டைக்கு நீல நூலில் தைத்திருந்தாள்.

ஆண்டை திட்டவில்லை, அடிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அவருடைய கண் அப்பாவின் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. யாரிடமோ மோட்டார் காயில் எரிந்துபோனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடியும்வரை அப்பா நிமிரவில்லை. கையெழுத்து கிடைத்தது.

திரும்பி வரும்போது கேட்டேன், "ஏம்ப்பா அவ்ளோ குனிஞ்ச?"

"குனிஞ்சது நான். நீ குனியாத. அதுக்குத்தான் இந்தப் ஃபாரம்."

அந்தப் ஃபாரத்தில் படித்தவள்தான் நான். இரண்டு கிராமத்தின் பட்டாவும் சிட்டாவும் இன்று என் மேசையில். இப்போது உரக் குடோனில், ஜப்பான்காரர் படத்துக்குக் குனி என்கிறாள் ஒரு சின்னப் பெண். முடியாது. அவ்வளவுதான்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று சந்தோஷம்! காலை அகட்டி, முட்டியை மடக்கி, குதிரைமேல் இருப்பதுபோல் நிற்க வேண்டும். ஒரு நிமிடத்தில் வாலிபப் பையன்கள் விழுந்தார்கள். பர்வின் விழுந்தாள். பாப்பா விழுந்தாள். நான் மூன்றரை நிமிடம். காலேஜ் லீவுக்கெல்லாம் நாற்று நட்ட கால். எங்கே போகும்?

கத்தவும் சொன்னாள் அனிட்டா. குத்தும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். பதினாறு வருட சர்வீஸில் விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது.

"அக்கா, அரசாங்கத்துக்குத் தெரியுமா இது?" என்றாள் பர்வின்.

ஜூலை 20, ஞாயிறு

வாசலில் பெரிய வெள்ளைக் கார். இறங்கியது ரெத்தினம்.

இந்தத் தஞ்சாவூரில் வேறு டோஜோவே கிடைக்கவில்லையா அந்த மனிதருக்கு?

ரெத்தினம் என் கிராமத்தில் பெரிய பட்டாதாரர். நான் அந்த ஊருக்குப் போன முதல் மாதத்தில், வாய்க்கால் கரையை அவர் வயலோடு சேர்த்து உழுதிருப்பதாக மனு வந்தது. சர்வேயரை வைத்து அளந்தேன். சங்கிலி போடுவதற்கு முன்பே என் கண்ணுக்குத் தெரிந்தது, இரண்டடி. அளந்தாலும் இரண்டடி. கரையை விடவைத்தேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. ஆபீஸுக்கு வருவார், மூன்றடி தள்ளி நான் உட்கார்ந்திருப்பேன், காத்தானைப் பார்த்து "பயிர் அடங்கல் எழுதியாச்சான்னு கேளு" என்பார். காத்தான் என்னைக் கேட்பார். நான் காத்தானிடம் சொல்வேன். காத்தான் அவரிடம் சொல்வார். இரண்டு வருடம் தாண்டி நடக்கிற நாடகம்.

அளந்ததாலா? அளந்தது யார் என்பதாலா? எனக்கு முன்னால் இருந்தவரும் அவரை ஒரு தடவை அளந்திருக்கிறார். அவரோடு டீ குடித்தாராம்.

மகளைக் கொண்டுவந்திருக்கிறார். ஏழாவது படிக்கிற பெண், துறுதுறுவென்று இருக்கிறாள். நாற்காலி இல்லாத விதிக்கு அவரும் மாட்டினார். குதிரை நிலையில் முப்பது நொடி. எண்ணினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒன்றைக் கவனித்தேன். ரெத்தினம் படத்துக்கு ஆழமாகக் குனிகிறார். அனிட்டாவுக்குக் குனிகிறார். பர்வினுக்கு, சின்னப் பிள்ளைகளுக்குக்கூட. ஜோடி மாறி என் எதிரில் வந்தால் மட்டும் மோவாயை ஒரு இழு இழுத்துவிட்டு நிற்கிறார்.

நான் யாருக்கும் குனிவதில்லை. அவர் எனக்கு மட்டும் குனிவதில்லை. இரண்டும் ஒன்றா? ஆனால் வகுப்பில் பேச்செல்லாம் என்னைப் பற்றித்தான். அவருடையது யார் கண்ணிலும் படவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தண்ணீர் குடிக்கிற நேரம். அனிட்டா என்னிடம் மெதுவாக, "அக்கா, தலையை மட்டுமாச்சும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள். பின்னால் ரெத்தினம். வழக்கம்போல என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து:

"குனியறதுக்கு இவங்களுக்கா சொல்லிக்குடுக்கணும் மிஸ்? பரம்பரையா வந்ததுதானே?"

சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அனிட்டா பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11

பரம்பரையாவாம். பரம்பரையா! என் அப்பன் குனிஞ்சு நட்ட நெல்லத் தின்னுட்டுப் பேசுது வாயி. நான் ஏன் ஒண்ணும் சொல்லல? மூணரை நிமிஷம் நிக்கிற காலு இருக்கு, நாய் ஓடுற தொண்டை இருக்கு. ஏன் சொல்லல? ஏன்—

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போகவில்லை. பெற்றவர் வராமல் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். பாப்பா உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆறு மணிக்கே வாசலில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்குக் கழற்றினாள்.

"அவரு பேசுனதுக்கு எனக்கு ஏம்மா கிளாஸ் இல்ல?"

உடுப்பை வாங்கி மடித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

அனிட்டா ஆபீஸுக்கே வந்துவிட்டாள். கறுப்பு பெல்ட் இல்லாமல் பார்த்தால் சின்னப் பெண்தான். காத்தானை டீ வாங்க அனுப்பினேன்.

"அவர் சொன்னப்ப நீ ஏன் வாயை மூடிக்கிட்டிருந்த?" சென்செய் எல்லாம் பாயில்தான். இங்கே நான் வி.ஏ.ஓ.

"பயந்துட்டேங்க்கா." சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அப்பா கடை வெச்சிருந்தப்ப அவங்க வீட்டுக்குத்தான் பாதி உரம் போகும். சின்ன வயசுலருந்து அவரைப் பாத்தா எந்திரிச்சு நிப்போம். அன்னைக்கும் உள்ளுக்குள்ள எந்திரிச்சு நின்னுட்டேன். வெக்கமா இருக்கு."

பயந்தேன் என்று பயமில்லாமல் சொல்கிற ஆளிடம் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்?

"வர்றேன். ஆனா குனிய மாட்டேன்."

"குனியாதீங்க. வாங்க."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

போனோம். அனிட்டா எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிட்டு உரக்கச் சொன்னாள்: "டோஜோவுல வரிசை சேர்ந்த தேதிப்படிதான். பெல்ட் ஒண்ணா இருந்தா முன்னாடி சேர்ந்தவங்க சீனியர். ஜூனியர்தான் மொதல்ல வணங்கணும். ரெத்தினம் சார், நீங்க கடைசிக்குப் போங்க."

பயந்தவள்தான். ஆனாலும் சொல்லிவிட்டாள். அதுவரை முதல் ஆளாக நின்ற ரெத்தினம் வரிசை முழுக்க நடந்து கடைசிக்குப் போனார். போகும்போது மகளைப் பார்க்கவில்லை.

என் எதிரில் வந்தபோது இன்றும் மோவாய்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

இளம்பரிதிக்கு லீவு. அவரும் வந்து வாசலில் நின்று எங்களைப் போனில் வீடியோ எடுத்தார். தேர்வுக்கான ஜோடிப் பயிற்சி: பாப்பா குத்த வேண்டும், நான் தடுக்க வேண்டும். தடுக்கிறவர் தயார் என்பதற்கு அடையாளமாக "வாங்க" என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் குத்து வரும். அம்மா பிள்ளையிடம் சொன்னாலும் "வாங்க"தான். பாப்பாவுக்கு அதில் தனி குஷி.

மதியம் ஊருக்குப் போனோம், அப்பாவைப் பார்க்க. அப்பா வைரக்கண்ணுவுக்கு இப்போது எழுபத்திரண்டு. டி.வி.யை நிறுத்திவிட்டுப் பேத்தியின் வீடியோவைப் பார்த்தார். இரண்டாம் முறை போடச் சொன்னார். மூன்றாம் முறை போடச் சொன்னார். கண்ணெல்லாம் சிரிப்பு.

"இந்தா இந்த எடம். நிறுத்து, நிறுத்து. எப்புடி நிக்கிறா பாரு எம் மவ! ஆண்டை மாதிரியில்ல நிக்கிறா!"

போனை வாங்கிப் பார்த்தேன்.

பாப்பா எனக்குக் குனிந்திருக்கிறாள். ஒழுங்காக, முதுகு நேராக, உச்சந்தலை தெரிய. நான் கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கிறேன். என் கண் அவள் தலைக்கு மேலே எங்கோ இருக்கிறது.

அப்பா சந்தோஷமாகச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அவர் வாழ்நாளில் எனக்குக் கொடுத்த பெரிய பாராட்டு அதுதான். படியில் நின்றவரின் இடத்துக்கு மகள் வந்துவிட்டாள் என்று மனசு குளிர்ந்துபோயிருக்கிறார். நான் மோர் வேண்டுமென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

செப்டம்பர் 15

மூன்று மாதம். வாரம் ஒரு தடவை. ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து தடவை. என் பிள்ளை எனக்குக் குனிந்திருக்கிறாள், நான் திருப்பித் தரவில்லை. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? நான் அப்பாவைக் கேட்டேனே.

செப்டம்பர் 18, வியாழன்

ஜோலிக்கு நடுவில் இதே யோசனை. வயலில் நின்று பயிர்க் கணக்குப் பதிந்துகொண்டிருந்தேன். காத்தான் கேட்டார், "என்ன மேடம் தனியாப் பேசுறீங்க?"

அப்பா குனிந்ததில் என்ன தப்பு? முதுகு வளைந்ததா? முதுகுதானே, வளையும். நாற்று நடும்போது வளையவில்லையா? எதிரில் இருந்தவன் வளையவில்லை, அதுதான் தப்பு. நான் முதுகைக் காப்பாற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். காப்பாற்ற வேண்டியதை விட்டுவிட்டேன்.

அதற்காக எல்லாருக்கும் குனிந்துவிடுவேன் என்று அர்த்தமில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

வகுப்பு தொடங்கும் முன் அனிட்டாவிடம் சொல்லிவிட்டேன்.

"திரும்பக் குனியறவங்களுக்குக் குனிவேன். ஒரு இம்மி கூடவும் இல்ல, கொறச்சலும் இல்ல. பர்வினுக்கு நெஞ்சுல கை. படத்துக்குக் கிடையாது."

"படத்துக்கு ஏங்க்கா கிடையாது?"

"அது திரும்பக் குனியாதுல்ல."

அனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தாள். "சரிக்கா. அவர் கோச்சுக்க மாட்டார்."

அப்புறம் பாப்பாவுக்கு எதிரில் நின்றேன். "ரெய்." அவள் குனிந்தாள். நான் குனிந்தேன். இரண்டு பேருமே சரியாகத் தூரம் பார்க்கவில்லை, தலை முட்டிக்கொண்டது. நல்ல முட்டு. அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். நான் அழுதேன். வலியில் அழுவதாக எல்லாரும் நினைத்தார்கள், நினைக்கட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

ரெத்தினம் — மோவாய். நானும் மோவாய். கணக்கு சரி.

அக்டோபர் 12, ஞாயிறு

தேர்வு.

தோற்றுவிட்டோம்.

வரிசையாக எழுதுகிறேன். திருச்சி மாஸ்டர் அறுபது வயது, ஒல்லி. எல்லாருக்கும் முழுதாகத் திரும்பக் குனிந்தார், எனக்கும். நானும் முழுதாகக் குனிந்தேன். பாப்பாவோடு ஜோடிப் பயிற்சி பிசகவே இல்லை. "நல்லா இருக்கு" என்று மாஸ்டரே வாய்விட்டுச் சொன்னார்.

அப்புறம் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு சுற்று, எதிராளியோடு. சீட்டு எடுத்து ஜோடி சேர்த்தார்கள். எனக்கு வந்த சீட்டு ரெத்தினம்.

"ரெய்" என்றார் மாஸ்டர்.

நான் காத்திருந்தேன். சேர்ந்த தேதிப்படி அவர் ஜூனியர், அவர்தான் முதலில். அவர் மோவாயை இழுத்துவிட்டு நின்றார். நானும் நின்றேன். மாஸ்டர் மறுபடி "ரெய்" என்றார். பாயின் ஓரத்தில் பாப்பா, பக்கத்தில் அவர் மகள். இரண்டும் ஒன்றன் கையை ஒன்று பிடித்திருந்தன.

என் மனசுக்குள் ஒரு குரல்: குனிந்துவிடேன், பிள்ளைக்காக, ஒரே ஒரு தடவை. அப்பாவும் அப்படித்தான் பிள்ளைக்காக ஒரே ஒரு கையெழுத்துக்குக் குனிந்தார். அந்த நீல நூல் எனக்கு இன்னும் தெரிகிறது. பாப்பாவுக்கு எந்த நூல் தெரிய வேண்டும்?

குனியவில்லை.

மாஸ்டர் மூன்றாம் முறை சொல்லவில்லை. "வணக்கம் இல்லாம ஆட்டம் கிடையாது. ரெண்டு குடும்பமும் டிசம்பர்ல வாங்க" என்று தாளில் கோடு போட்டார். மற்ற எல்லாரும் மஞ்சள் பெல்ட். எங்கள் நாலு பேருக்கும் வெள்ளை.

ஸ்கூட்டியில் பாப்பா என் முதுகில் முகத்தை வைத்து வீடு வரைக்கும் அழுதாள். ஈரம் தெரிந்தது. நான் செய்தது சரி. சரிதான். சரியாக இருந்தும் இப்படி வலிக்குமா?

அக்டோபர் 13

பாப்பா இட்லியைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

அக்டோபர் 14

சாயந்திரம் வெடித்தாள். என்மேல் என்று நினைத்தேன்.

"அவருதானே ஜூனியர்? அவருதானே மொதல்ல குனியணும்? அந்த மாஸ்டருக்கு ரூல் தெரியாதா? தெரியாதுன்னா ரூலை எழுதி ஒட்ட வேண்டியதுதானே!"

என் மேசையிலிருந்து முழுத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆபீஸில் பார்த்துப் பழகிய பிள்ளை. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு மனு.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. இருந்தும் வகுப்பு உண்டு. பாப்பா மனுவைச் சென்செயிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள். அனிட்டா சிரிக்காமல் படித்தாள். படித்துவிட்டுக் கோந்து எடுத்து, கதவுக்குப் பக்கத்தில், செருப்பு விடும்போது கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டினாள். மனுவில் கேட்டிருந்த மூன்று விதிகளைப் பார்த்து எழுதி வைக்கிறேன்:

'பிறகு சேர்ந்தவர் முதலில் வணங்க வேண்டும். வணங்கப்பட்டவர் கட்டாயம் திரும்ப வணங்க வேண்டும், அம்மாவாக இருந்தாலும். வயது, வேலை, ஊர், கார் இவை கணக்கில் சேராது.'

அம்மாவாக இருந்தாலும். ஆக, அந்த மூன்று மாதமும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், கள்ளி.

ரெத்தினத்தின் மகள் அதை உரக்கப் படித்தாள், கமா கூட விடாமல். படித்துவிட்டுத் திரும்பி, "அப்பா, நாம இவங்களுக்கு அப்புறந்தானே சேந்தோம்?" என்றாள். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழற்றினார்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. குடோன் வாசலில் முழங்கால் தண்ணீர். ரெத்தினம் மூன்று வாரமாக வரவில்லை. இன்று வாசலில் மகளை இறக்கிவிட்டுக் காரிலேயே இருக்கப் பார்த்தார். பெற்றவர் இல்லாமல் முடியாது என்று அனிட்டா திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தப் பெண் கார் ஜன்னலில் இருந்து பாப்பாவுக்குக் கை காட்டியது. பாவம். ஆகஸ்டில் உடுப்போடு வாசலில் உட்கார்ந்திருந்த என் பிள்ளை நினைவுக்கு வந்தாள்.

நவம்பர் 19, புதன்

சம்பா வயலில் தண்ணீர். பாதிப்புக் கணக்கெடுக்கக் கிராமம் முழுக்கச் சேற்றில் நடந்தேன். ரெத்தினம் வயலும் மூழ்கியிருந்தது. கரையில் நின்றார். காத்தானிடம், "ஒழுங்கா எழுதச் சொல்லு" என்றார்.

ஒழுங்காகத்தான் எழுதினேன். மூழ்கியது எவ்வளவோ அவ்வளவு. அவருக்கென்று கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

அப்பனும் மகளும் வந்துவிட்டார்கள். கடைசியில் போய், யாரும் சொல்லாமலேயே, அவருடைய இடத்தில் நின்றார். அனிட்டா இன்று ஜோடி மாற்றவில்லை. குதிரை நிலையில் ஒன்றரை நிமிடம் தாங்கினார். பரவாயில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

திருச்சி மாஸ்டர் வந்தார். எங்கள் நாலு பேருக்கு மட்டும் தேர்வு. பார்க்க எல்லாரும் வந்திருந்தார்கள். வேடிக்கைக்கு இடம் கிடையாது என்பதால் அத்தனை பேரும் உடுப்போடு பாயில்தான் நின்றார்கள். பர்வின் புது மஞ்சள் பெல்ட்டை வேண்டுமென்றே இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஜோடிப் பயிற்சி முடிந்தது. இன்று சீட்டுக்கு வேலையே இல்லை, பெரியவர்கள் இரண்டே பேர்.

எதிரெதிரே நின்றோம். மாஸ்டர் "ரெய்" என்றார்.

நான் காத்திருந்தேன். டிசம்பர் இல்லாவிட்டால் மார்ச், மார்ச் இல்லாவிட்டால் ஜூன். பாப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "தெரியும்மா" என்றாள்.

ரெத்தினம் சுவரைப் பார்த்தார். கதவோரம் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தார். அவர் மகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், நேராக. அவர் கண்ணில் பழுப்பு ஓடியிருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

தலை இறங்கியது. மூன்று விரற்கடை. கண்ணளவு எனக்குத் தப்பாது.

நானும் மூன்று விரற்கடை இறக்கினேன்.

அவர் வலது காலைப் பின்னால் வைத்துக் கையை உயர்த்தினார். நான் குத்த வேண்டும், அவர் தடுக்க வேண்டும். தடுக்கிறவர் சொல்லும்வரை குத்தக் கூடாது. காத்தான் இங்கே இல்லை, சொல்லியனுப்ப.

தொண்டையைச் செருமினார். இரண்டரை வருடத்தில் அவர் என்னைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை:

"வாங்க."

போனேன்.